முத்துக்கருப்பன் கிணற்று மணி

சென்னை
9 ஜனவரி 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகிர்தம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

கிறிஸ்மஸுக்கு நான் வந்தது சண்டை போட அல்ல. கடையில் ஆட்கள் இருக்கும்போது அந்தப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தது என் தப்பு. அதை நீங்கள் தூக்கிப் பிடித்து, "ஊர்ல கோயில் மணி பத்தாதுன்னு எங்க தங்கச்சி ஒண்ணு செஞ்சிருக்கா" என்று சிரித்துக் காட்டியது உங்கள் தப்பு. எஞ்சின் வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வலித்தது.

சிரிப்பதற்கு முன்னால் அது என்னவென்று கேட்டிருக்கலாம். பெட்டியோடு கம்பியில் தொங்குவது ஒரு மாத்திரை. லாந்தனமும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த ஆக்சைடு. பெராவ்ஸ்கைட் என்கிற வகை. சுத்தமாகச் செய்தால் அதனால் பிரயோசனம் இல்லை. லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்ட்ரான்ஷியத்தை வைக்க வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். குறைந்தால் உறையாது, கூடினால் கெட்டுவிடும். அந்த அளவைத் தேடித்தான் இத்தனை வருஷம் உலைக்கு முன்னால் நின்றேன். மாத்திரையைச் சூடாக வைத்திருந்தால், எஞ்சின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு பட்டதும் அதன் மின்தடை ஏறும். ஏறினால் மணி அடிக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மனுஷன் மூக்குக்கு எட்டாது.

சுருளிப்பட்டி வீரணன் கிணற்றுக்குள் எஞ்சின் ஓட்டப் போய், புகையில் மயங்கி அங்கேயே செத்துப்போனார். எஞ்சின் நம் கடையில் வாங்கியது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்ததே அதற்குப் பிறகுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

உள்ளே எஞ்சின் வைத்த கிணறு ஒன்று வேண்டும். கோடை முழுவதும் மணியை அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். நிஜமான கிணற்றில் சோதிக்காமல் ஆய்வேடு நிற்காது என்கிறார் பேராசிரியர். நீங்கள் சொன்னால் யாராவது சம்மதிப்பார்கள்.

உங்கள் தங்கை,
சுகிர்தம்


தேனி
21 ஜனவரி 1983

தங்கை சுகிர்தத்துக்கு ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. உன் மதினி ஞானபாக்கியம் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உங்களத்தான் திட்டியிருக்கா. ஆனா நல்ல தமிழ்ல திட்டியிருக்கா" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை என்று ஒருவர் எழுதினால் குற்றம் சொல்லத்தான் எழுதுகிறார் என்று அர்த்தம். எஞ்சின் விற்றவன் நான்தான். கிணற்றுக்குள் இறக்கி வைக்கச் சொன்னது நானா? தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால் மேலே நின்று பம்ப் இழுக்காது. உள்ளேதான் வைத்தாக வேண்டும். மேகம் பெய்யாததற்கும் நான்தான் ஜவாப்தாரியா? போன வாரம் அல்லிநகரத்தில் ஒரு கல்யாண வீட்டில், "உங்க கடை எஞ்சினுக்கு உங்க தங்கச்சியே வாய்ப்பூட்டு செய்யிறாகளாமே அண்ணாச்சி" என்று ஒருத்தர் கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். உனக்கு மட்டும்தான் வலிக்கும் என்று நினைக்காதே.

இருந்தாலும் உடன்பிறந்தவளாகப் போய்விட்டாய். காமயகவுண்டன்பட்டி முத்துக்கருப்பனிடம் பேசிவிட்டேன். திராட்சைத் தோட்டக்காரர். கரண்டு மோட்டாரும் நம் டீசல் எஞ்சினும் இரண்டுமே கிணற்றுக்குள் மேடையில் இருக்கின்றன. புதிதாக எது வந்தாலும் முதலில் தொட்டுப் பார்க்கிற ஆள். "படிச்ச பிள்ள கேக்குது. கொண்டாரச் சொல்லுங்க அண்ணாச்சி, மாட்டிப்புடுவோம்" என்றார்.

வா. வந்து மாட்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று நானும் பார்க்கிறேன்.

சுந்தர்ராஜ்


சென்னை
27 பிப்ரவரி 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

மணியை மாட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வராமல் போனதற்கு மதினியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்கவில்லை. கிணற்றடிக்கு வந்தவர் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

எப்படி மாட்டியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை எஞ்சின் மேடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளுக்கு மேலே மோட்டார் ரூமிலிருந்து கரண்டு போகிறது. மணி மோட்டார் ரூம் வாசலில். மணிக்கு மட்டும் டார்ச் பேட்டரி வைத்திருக்கிறேன். கரண்டு போனாலும் மணி அடிக்க வேண்டும் அல்லவா? அந்த யோசனை என்னுடையது, பேராசிரியரே மெச்சினார்.

வாளியில் கரியைப் புகைய விட்டு மேடைக்கு இறக்கினோம். மணி அடித்தது. தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். முத்துக்கருப்பன் அண்ணன் மனைவி பஞ்சம்மாள் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் சுவரில் கரியால் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் விதி. மணி அடித்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அவரும் தலையாட்டினார். நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது ஞாபகப்படுத்துங்கள்.

சுகிர்தம்


தேனி
2 ஏப்ரல் 1983

அன்புத் தங்கைக்கு,

உன் கையைக் கொடு. சிரித்ததற்குத் தண்டனையாக இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

உன் மணி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பெயர் வாங்கிவிட்டது. இந்த வறட்சியில் கரண்டு நிலவரம் உனக்குத் தெரியாது. இருக்கிற நேரத்திலும் லோ வோல்டேஜ். பல்பு எரிவது மின்மினி மாதிரி இருக்கும். அந்த நேரம் மோட்டார் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, அந்தக் காயில், எரிந்துவிடும். இந்தக் கோடையில் கருகிய மோட்டார்கள் கடை வாசலில் குவிந்து கிடக்கின்றன. முத்துக்கருப்பன் மோட்டார் மட்டும் தப்பித்துவிட்டது. ஏன் தெரியுமா? வோல்டேஜ் குறைந்த உடனே உன் மணி அடிக்கிறது! அவர்தான் கவனித்துச் சொன்னார்; மணி அடித்தால் மோட்டாரை நிறுத்தி எஞ்சினைப் போடுங்கள் என்று அவர்கள் கிணற்றடியிலேயே நின்று நான் சொன்னேன். மணி அடித்ததும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிறார். பிறகு இறங்கி எஞ்சினைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பஞ்சம்மாள் வெகு சந்தோஷமாகக் கோடு போடுகிறாள்.

நானும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "மணி அடிச்சா மோட்டார நிறுத்து, எஞ்சினப் போடு. எங்க தங்கச்சி செஞ்சது." சுருளிப்பட்டியிலிருந்துகூட ஆள் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். விஷவாயு என்றபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டார் காயில் என்றதும் வரிசையில் நிற்கிறார்கள். வியாபாரம் என்றால் என்னவென்று இப்போதாவது தெரிந்துகொள்.

ஞானபாக்கியம் முறுக்கு சுட்டு அனுப்பியிருக்கிறாள்.

உன் அண்ணன்,
சுந்தர்ராஜ்


சென்னை
9 ஏப்ரல் 1983

அண்ணனுக்கு,

முறுக்கு வந்தது. கடிதத்தை வாசித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

வோல்டேஜ் குறைந்தால் கம்பிச் சுருள் ஆறுகிறது. மாத்திரையும் ஆறுகிறது. ஆறினால் அதன் மின்தடை தானாக ஏறும். ஏன் ஏறியது என்று பெட்டிக்குத் தெரியாது; ஏறினால் அடிக்கும், அவ்வளவுதான். எங்கள் லேபில் ஸ்டெபிலைசர் உண்டு, வோல்டேஜ் ஒரே மாதிரி நிற்கும். தேனியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது. அதற்கு நீங்கள் கையைக் கொடு என்கிறீர்கள்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்துகிறார். மோட்டாரை நிறுத்தினால் எஞ்சினைப் போட இறங்குகிறார். இறங்காதே என்று சொல்ல நான் வைத்த மணி, இறங்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை நீங்கள் ஊர் முழுக்க வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். எஞ்சின் விற்கிற வாய்க்கு வேறு எதுவும் வராதா?

உடனே போய் அவரிடம் சொல்லுங்கள். மணி வோல்டேஜுக்கு அல்ல. சின்ன ஸ்டெபிலைசர் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன். பெட்டியைக் கழற்ற வேண்டாம். கோடை முடியும்வரை பதிவு விடாமல் இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்கிறார்.

சுகிர்தம்


தேனி
26 ஏப்ரல் 1983

சுகிர்தத்துக்கு,

எஞ்சின் விற்கிற இந்த வாயால்தான் உன் படிப்புச் செலவுக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் இருந்தது. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுத வைத்துவிட்டாய்.

போனேன். சொன்னேன். முத்துக்கருப்பன் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கரண்டு கொறஞ்சாலும் அடிக்கும், காத்து கெட்டாலும் அடிக்கும்னா, நான் எத எதுக்குன்னு எடுத்துக்கிறது அண்ணாச்சி? தெனம் அடிக்குது, தெனம் பல்பு மங்குது. நான் எறங்குறேன், நல்லாத்தானே ஏறி வாரேன்?"

இன்னொரு விஷயம். கிணற்றில் தண்ணீர் இன்னும் கீழே போய்விட்டது. மேடையை உடைத்துக் கீழே இறக்கி மோட்டாரையும் எஞ்சினையும் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் புகைக்குழாய் இப்போது கிணற்று விளிம்புவரை எட்டவில்லை. நீளக் குழாய் மதுரையிலிருந்து வர வேண்டும். வந்ததும் போட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ சொன்ன ஸ்டெபிலைசர் வரவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிக் கடையில் வைத்துவிடட்டுமா? ஒரு வரி எழுது, போதும்.

சுந்தர்ராஜ்


சென்னை
3 மே 1983

அண்ணனுக்கு,

ஸ்டெபிலைசர் இன்னும் கைக்கு வரவில்லை. ஜூனில் விடுமுறைக்கு வரும்போது நானே கொண்டு வருகிறேன். அதுவரை கழற்ற வேண்டாம்.

குழாயைச் சீக்கிரம் வரவழையுங்கள்.

சுகிர்தம்


தேனி
17 மே 1983

சுகிர்தம்,

தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது.

போலீசாரும் ஊராரும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். காலையில் வெயில் ஏறும் நேரம் வோல்டேஜ் குறைந்திருக்கிறது. மணி அடித்திருக்கிறது. முத்துக்கருப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி எஞ்சினைப் போட்டிருக்கிறார். பம்பு தண்ணீர் எடுக்கவில்லை. அதில் தண்ணீர் ஊற்றிச் சரி பண்ணிக்கொண்டு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். புகை மேலே போக வழியில்லை. பஞ்சம்மாள் மாட்டுக் கொட்டத்தில் இருந்ததாகவும் மணி காதில் விழவில்லை என்றும் சொல்கிறாள். அவள் வந்து எட்டிப் பார்த்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மணி அடித்துக்கொண்டிருந்தது, அவர் மேடையில் சாய்ந்து கிடந்தார்.

வந்த போலீஸ்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். விஷவாயு வந்தால் அடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதோடு ஊர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. "அம்புட்டு நேரம் மணி அடிக்குது. அடிக்க அடிக்க எறங்கியிருக்கான். காலையிலேயே ஊத்தியிருப்பான்" என்கிறார்கள். அந்த மனுஷன் பீடிகூடப் பிடிக்காதவர். அவருடைய தம்பி அழகரே அப்படித்தான் பேசுகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கடையில் வைத்திருக்கிறேன்.

சுந்தர்ராஜ்


சென்னை
30 மே 1983

அண்ணனுக்கு,

தந்தி வந்தது. ரயில் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன். பயமாக இருந்தது. வேறு காரணம் எழுத என்னிடம் இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு, "மணி அடித்ததா?" என்று கேட்டார். அடித்தது என்றேன். அவர் சொல்லச் சொல்ல இப்படி ஒரு வாக்கியத்தை டைப் செய்தேன்: 'கிணற்றில் வாயு சேர்ந்தபோது கருவி ஒலித்தது, எச்சரிக்கையை மதியாமல் இறங்கியதால் ஓர் உயிரிழப்பு நேர்ந்தது.' கோடை முழுவதிலும் வாயு நிச்சயமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். ஆகவே என் ஆய்வேட்டுக்கு அதுதான் சாட்சி. முத்துக்கருப்பன் அண்ணன் செத்ததால் என் கருவி தேறிவிட்டது.

அது பொய் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவர் மணியை மதியாமல் இறங்கவில்லை. மணி சொன்னதைக் கேட்டுத்தான் இறங்கினார். 'மணி அடிச்சா எஞ்சினப் போடு' என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சொன்னவர் நீங்கள். போலீஸ்காரர் கேட்டபோது அதைச் சொன்னீர்களா? குடிகாரன் என்று அவர் தம்பி பேசியபோது பக்கத்தில்தானே நின்றீர்கள்?

சுகிர்தம்


தேனி
8 ஜூன் 1983

சுகிர்தம்,

கழற்றட்டுமா என்று கேட்டேன். 'அதுவரை கழற்ற வேண்டாம்' என்று எழுதினாய். அந்தக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. யாரிடம் காட்டலாம் சொல்? அழகரிடமா, உன் பேராசிரியரிடமா?

நான் சொல்லிக் கொடுத்தேன், ஆமாம். மணியைச் செய்தது யார்? கிணற்றுக்கு மூக்கு வைக்கிறேன் என்று கிளம்பி, முழங்காலுக்கும் மொட்டைத் தலைக்கும் முடிச்சுப் போட்டது யார்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முடிந்த பிறகு என்னைப் பிடிக்கிறாய். வீரணன் செத்தபோதும் என்னைத்தான் பார்த்தாய். கிணற்றுக்குள் எவன் செத்தாலும் கொள்ளி வைக்க நான் வேண்டும் உனக்கு.

எனக்கு இந்த ஊரில் கடை இருக்கிறது. வளர்கிற பிள்ளைகள் இருக்கின்றன. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று வாயைத் திறந்தால், மறுநாள் கடைப் பலகையை நானே இறக்க வேண்டியதுதான். உனக்கு அங்கே பட்டம் காத்திருக்கிறது. டைப் செய்துவிட்டாய் அல்லவா, கையெழுத்தும் போடு. போட்டுவிட்டு எனக்கு நியாயம் எழுது.

சுந்தர்ராஜ்


சென்னை
4 ஜூலை 1983

அண்ணனுக்கு,

காமயகவுண்டன்பட்டிக்கு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். முத்துக்கருப்பன் அண்ணன் வீட்டில் அழகர் உட்பட அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். இறந்தவர் குடிக்கவில்லை, மணி தப்பாக அடித்தது, வோல்டேஜ் என்று நம்பித்தான் இறங்கினார், தப்பான மணியைச் செய்தவள் நான். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்களாக உள்ளே வந்து சொல்வீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைக்கைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றீர்கள்.

பேராசிரியரிடம் அந்த வாக்கியத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். எடுத்தால் அந்த அத்தியாயமே இல்லை, அது இல்லாமல் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். இரண்டு நாளாக அந்தப் பக்கத்தை எடுக்கிறேன், திரும்பவும் வைக்கிறேன். அங்கே பேசிய தைரியம் இங்கே வரவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள்.

பஞ்சம்மாள் எப்படி இருக்கிறார்? நான் பேசி முடித்ததும் எழுந்து சமையல்கட்டுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

சுகிர்தம்


தேனி
22 ஜூலை 1983

சுகிர்தத்துக்கு,

பஞ்சம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். சொல்கிறேன்.

நீ பஸ் ஏறிய பிறகு அழகர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த மணியக் கேட்டது யாரு?" என்பது. முத்துக்கருப்பன் அன்றைக்குத் தோட்டத்தின் கடைசியில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாராம். அங்கே மணிச் சத்தம் எட்டாது. வேலைக்கு வந்திருந்த ஒருத்தி சொல்லிவிட்டாள், பஞ்சம்மாள்தான் வரப்பில் நின்று கூப்பிட்டாள் என்று. "மணி அடிச்சிருச்சு, வந்து எறங்கி எஞ்சினப் போடுங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். வழக்கமாகக் கூப்பிடுகிறதுதான். கூப்பிட்டுவிட்டுச் சுவரில் கோடும் போட்டிருக்கிறாள். நீ சொல்லிக் கொடுத்த வேலை.

அவர் குடித்துவிட்டு இறங்கினார் என்றிருந்தவரைக்கும் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கொட்டத்தில் இருந்தேன் என்று சொல்லி வாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நீ அவரை நல்லவராக்கினாய். "எங்கண்ணன நீதான்டி எறக்கிவிட்ருக்க" என்று அழகர் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். இப்போது சுருளிப்பட்டியில் அவளுடைய தாய் வீட்டில் இருக்கிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது போதும், இனி இந்தப் பக்கம் வந்து யாருக்கும் நியாயம் செய்யாதே.

நேற்று கடைக்கு வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. உன்னிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவுக எறங்குறப்பவும் அடிச்சிச்சு. உள்ள இருந்தப்பவும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் மேல கீரை ஆஞ்சுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. மொதல்ல அடிச்சது கரண்டுக்கு, சரி. அதுக்குப் பெறகு எந்த அடி அவுகளுக்கு அடிச்சது? அதத் தங்கச்சிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. அவுகளுக்கு அடிச்சதக் கேட்டுக்கிட்டா நான் சும்மா உக்காந்திருந்தேன்?"

ஏதாவது ஆறுதலாக எழுது. அவளால் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்று எழுது. உன் ஆராய்ச்சி உண்மையைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு எழுது.

சுந்தர்ராஜ்


சென்னை
30 ஜூலை 1983

அண்ணனுக்கு,

உண்மையைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. அதில் பஞ்சம்மாளுக்கு ஆறுதல் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

மாத்திரை சூடாக இருந்தால்தான் அதற்கு வாயு தெரியும். அன்று காலை முழுவதும் வோல்டேஜ் இல்லை, மாத்திரை ஆறிக் கிடந்தது. ஆறின மாத்திரைக்கு வாயுவும் ஒன்றுதான், வெறும் காற்றும் ஒன்றுதான். முத்துக்கருப்பன் அண்ணன் இறங்கும் முன் எதற்காக அடித்ததோ அதற்காகத்தான் கடைசிவரை அடித்தது. அவர் இறங்காமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே மாதிரிதான் அடித்திருக்கும். ஒரு அடிகூட அவருக்காக அடிக்கவில்லை. பஞ்சம்மாள் கேட்கத் தவறியது ஒன்றும் இல்லை. அவர் மேலே உட்கார்ந்து கேட்டதெல்லாம் லோ வோல்டேஜ்தான்.

கரண்டு இல்லாத நேரத்தில்தான் டீசல் எஞ்சின் ஓடும். கரண்டு இல்லாத நேரத்தில் என் மாத்திரை செத்த மாத்திரை. எஞ்சின் புகைக்கென்று நான் செய்த கருவிக்கு எஞ்சின் ஓடுகிற நேரத்தில் உயிர் இருக்காது. இத்தனை வருஷத்தில் இதை நானும் கேட்கவில்லை, என் பேராசிரியரும் கேட்கவில்லை. பஞ்சம்மாள் கேட்டபிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். திரும்ப வைக்க முடியாதபடி கிழித்தேன். பேராசிரியர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இதை நீங்கள் நேரில் போய்ப் பஞ்சம்மாளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அழகரிடமும் போங்கள். மணி அடித்தால் கூப்பிட வேண்டும் என்று பஞ்சம்மாள் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை, ஊருக்கே சொல்லிக் கொடுத்தது நான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் தன் வீட்டுக்குத் திரும்பலாம். நான் உங்களிடம் இதுவரை கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன் அண்ணன்.

சுகிர்தம்


தேனி
14 ஆகஸ்ட் 1983

தங்கை சுகிர்தத்துக்கு,

நான் போவதற்குள் பஞ்சம்மாளே கடைக்கு வந்துவிட்டாள். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். மாத்திரை, சூடு, ஆறினது எல்லாம் என்னால் முடிந்தமட்டும் விளக்கினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"அப்ப அவுகளுக்குன்னு ஒரு அடிகூட அடிக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். ஆறுதல் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அவள் முகத்தில் நான் பார்த்தது அது இல்லை. கடைப் படியிலேயே உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஞானபாக்கியம் வந்து தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு என் பங்கையும் சொன்னேன். கரண்டு மணி என்று அவர்களுக்குச் சொல்லி ஊருக்கும் பரப்பியது நான்தான் என்றேன். அது பெரிய காரியம் என்று எனக்குள் ஒரு எண்ணம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எங்க வீட்டுக் கெணத்தடியிலதானே நின்னு சொன்னீக" என்றாள். "அத அழகருகிட்ட வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

நீ போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உன் மணிதான் தப்பு என்று நீயே சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அவள் சொன்னாலும் எடுபடாது. என் சொல்தான் அங்கே செல்லும் என்று எனக்கும் தெரியும்.

கடையில் அந்நேரம் இரண்டு பேர் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் திரும்பி எங்களையும் பார்த்தார்கள்.

"பார்ப்போம்மா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, சுருளிப்பட்டி பஸ் வந்துவிடும் என்று எழுந்து போய்விட்டாள்.

சுந்தர்ராஜ்